நாய்களுக்கு நடமாடும் மசாஜ், பயிற்சி, பிசியோ: பையோடு போவதா, வேனா, வாடகை அறையா?

ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு மசாஜ், உடற்பயிற்சி, பிசியோ செய்து தொழில் நடத்த நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது வண்டியைப் பற்றித்தான். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. இன்று பார்த்த நாயை மறுபடி எத்தனை நாள் கழித்துத் தொட முடியும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்த இடைவெளி தெரிந்தால் எந்த நாயை ஏற்கலாம், எதை வேறொருவரிடம் அனுப்ப வேண்டும், என்ன கருவி தேவை, வண்டி தேவையா என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்துவிடும். வண்டியை முதலில் வாங்கியவர்கள் அந்தக் கடனைக் கட்டுவதற்காக, தாங்கள் ஏற்கக் கூடாத நாய்களையும் ஏற்கத் தொடங்குகிறார்கள். நாய்க்குக் கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இடைவெளிதான் சேவையை முடிவு செய்யும்

முழங்கால் ஜவ்வு கிழிந்து, கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வெட்டித் திருப்பிப் பொருத்தும் டிபிஎல்ஓ அறுவை சிகிச்சை ஆன நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்கும் எக்ஸ்ரே பொதுவாக 8 வாரம் வாக்கில் எடுக்கப்படும். அதற்குள் நாய்க்கு அனுமதிக்கப்படும் வேலை வாரத்துக்கு வாரம் மாறும். முதலில் சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் வெளியே போகலாம். பிறகு சில நிமிட மெதுநடை. பிறகு நின்ற இடத்தில் எடையை இடம் வலமாக மாற்றுவது. அதற்கும் பிறகுதான் உட்கார்ந்து எழும் பயிற்சி. வலி குறைந்ததும் நாய் ஓடப் பார்க்கும், எலும்போ அதற்குத் தயாராகியிருக்காது. வாரம் ஒருமுறையாவது கை வைத்துப் பார்க்க முடியாதவர், உள்ளூர் மருத்துவமனையின் துணை இல்லாமல் இந்தக் கட்டத்தில் உள்ள நாயை ஏற்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து வந்தால் நாய் பின்தங்கியிருக்கும், இல்லையென்றால் வீட்டுக்காரர் தாமாகவே இரண்டு படி தாண்டியிருப்பார். ஆபத்தானது இரண்டாவது.

முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி பின்னங்கால் செயலிழந்த நாய் இதைவிடக் கடினம். மூத்திரப்பை காலியாகிறதா, படுக்கைப்புண் வருகிறதா, பாதம் மடங்கி அதன் மேல்தோல் தேய்கிறதா என்று தினமும் பார்க்க ஆள் வேண்டும். உள்ளூர் மருத்துவமனை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் ஒழிய, பயணத்தில் இருப்பவர் கிட்டப் போகாமல் இருப்பதே நல்லது.

மூட்டுத் தேய்மானம் உள்ள வயதான நாய் வேறு வகை. வலி மருந்தும் உடல் எடையும் ஒரு நிலைக்கு வந்துவிட்டால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதும், மற்ற நாட்களில் வீட்டுக்காரர் கைதான் மருந்து. நலமாக உள்ள, விளையாட்டுப் போட்டிக்குப் போகும் நாய்க்கும் காவல், மோப்பம் போன்ற வேலை செய்யும் நாய்க்கும் 3 வார இடைவெளி கச்சிதமாகப் பொருந்துகிறது. தசை வலு கண்ணுக்குத் தெரியும் அளவு கூட 6 முதல் 8 வாரம் தொடர்ந்து பளு கொடுக்க வேண்டும். கடினமான பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரம் ஓய்வும் வேண்டும். 3 வாரத்துக்கு ஒருமுறை திட்டத்தை மாற்றி எழுதினால் அது அந்த வளர்ச்சியோடு ஒத்துப்போகும். ஆகவே நீண்ட சுற்றில் போக விரும்புபவர், பயிற்சியையும் வயதான நாய் பராமரிப்பையும் தொழிலின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒருமுறை செய்யும் மசாஜ் எங்கேயும் செய்யலாம். இறுக்கம் தளரும், நாய் நன்றாகத் தூங்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், புதுக் காயம், தோல் தொற்று, காரணம் தெரியாத கட்டி இருந்தால் அதுவும் கூடாது.

எல்லை தாண்டினால் சட்டமும் மாறும்

பயணத்தில் இருப்பவர் ஒவ்வொரு ஆட்சிப் பகுதியிலும் தனியாக விசாரிக்க வேண்டியது இது. சில இடங்களில் விலங்குக்கான பிசியோ என்பது கால்நடை மருத்துவமாகவே கருதப்படும், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் செய்ய முடியாது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு விதிவிலக்கு ஆணைப்படி, நாயைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் பரிந்துரைத்தால்தான் மருத்துவரல்லாத ஒருவர் பிசியோ செய்யலாம். டென்னசி பல்கலைக்கழகத்தின் சிசிஆர்பி, கேனைன் ரிஹாபிலிடேஷன் இன்ஸ்டிட்யூட்டின் சிசிஆர்டி போன்றவை நாய்களின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கான மதிப்புள்ள படிப்புகள். ஆனால் அவை பயிற்சிச் சான்றுதான், எங்கும் தொழில் செய்ய உரிமம் ஆகாது. மசாஜ் சான்றிதழ் மட்டும் உள்ளவர் 'ரீஹேப்' (மறுவாழ்வுச் சிகிச்சை) என்ற சொல்லை விளம்பரத்தில் போடுவதற்கு முன் அந்த இடத்தின் விதியைப் படித்துவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பரிந்துரைத் தாளில் ஐந்து விவரம் இருக்கட்டும்: நோய் என்ன, அறுவை சிகிச்சையின் வகையும் தேதியும், தற்போதைய மருந்து, எதெல்லாம் கூடாது, அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது. காப்பீட்டிலும் கவனம் தேவை. தொழில்முறைப் பிழைக்கான காப்பீடு ஒன்று, உங்கள் பொறுப்பில் இருக்கும்போது நாய்க்கு நேரும் காயத்துக்கானது வேறு, வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதற்கானது வேறு. மூன்றிலும் எந்தெந்தப் பகுதிக்குச் செல்லுபடி என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பையோடு வீடு வீடாக

செலவு மிகக் குறைந்த வழி. 15 முதல் 20 கிலோவுக்குள் எல்லாம் அடங்கிவிடும்: அடியில் ரப்பர் ஒட்டிய வழுக்காத விரிப்பு இரண்டு, கழுவக்கூடிய உறை போட்ட மெத்தைத் துண்டு ஒன்று, நாய் ஏறி நின்று சமநிலை பழகும் காற்றடைத்த பேலன்ஸ் டிஸ்க் இரண்டு, வரிசையாக வைத்து நாயை ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைக்கும் தாண்டுகோல் ஆறு, வயிற்றுக்கடியில் தாங்கும் பட்டை ஒன்று, மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டர், டேப், நகவெட்டி. நகவெட்டி எதற்கு என்று கேட்பார்கள். நகம் தரையில் முட்டும் நாய் பாதத்தைச் சரியாக ஊன்றாது; அந்தக் கோணத்தில் செய்கிற எந்தப் பயிற்சியும் வீண்.

இந்த வழியின் பெரிய பலம், நாய் வாழும் இடத்தை நேரில் பார்ப்பது. பளபளக்கும் தரையில் பின்னங்கால்கள் விரிந்து வழுக்குவது, தினம் பத்துமுறை கட்டிலிலிருந்து குதிப்பது, மாடிப்படி, குட்டிநாய் ஒன்று ஓயாமல் மேலே விழுவது ஆகியவை சிகிச்சை அறையில் தெரியாது. கட்டிலுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நடுவே வழுக்காத விரிப்பு போடச் சொல்வது, பல வயதான நாய்களுக்கு மசாஜைவிட அதிகம் உதவும்.

குறைகளும் உண்டு. இடம் போதாது என்பது முதல் குறை. தாண்டுகோல்களுக்கு இடையே தொடக்கத்தில் நாயின் தோள் உயரம் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். 50 செ.மீ. உயர நாய்க்கு ஆறு கோல் வைத்தால் அவற்றுக்கே 2.5 மீட்டர், நேராக வந்து சேரவும் நின்று திரும்பவும் இரு பக்கமும் 2 மீட்டர் சேர்த்தால் 6.5 மீட்டர். பெரும்பாலான கூடங்களில் அவ்வளவு நீளம் கிடைக்காது. கோல்களை நெருக்கி வைத்துச் சமாளிப்பது தவறு: நாய் அடியைக் குறுக்கிக்கொண்டு முதுகை வளைக்கும், நாம் நீட்ட நினைத்த இடுப்பு நீளாது. வெளியே புல்தரைக்குப் போங்கள், அல்லது மூன்று கோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்குப் பயன்படுத்தும் சிகிச்சை லேசரைக் கொண்டுபோவதா என்பது அடுத்த கேள்வி. லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் 500 மில்லிவாட் (அரை வாட்) வரை உள்ளவை 3பி வகுப்பு, அதற்கு மேல் 4ஆம் வகுப்பு. இடுப்பு மூட்டைச் சுற்றி 100 சதுர செ.மீ. பரப்புக்கு, ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 8 ஜூல் கொடுக்க வேண்டுமென்றால் மொத்தம் 800 ஜூல். அரை வாட் கருவியில் அது 1,600 நொடி, ஏறக்குறைய 27 நிமிடம். இரண்டு இடுப்புக்கும் சேர்த்தால் அந்த அமர்வில் வேறெதற்கும் நேரமில்லை. இரண்டு வகுப்பிலும் கண்ணாடி போன்ற பரப்பில் பட்டுத் திரும்பும் கதிர் கண்ணைக் கெடுக்கும், நேரத்தைக் குறைக்க 4ஆம் வகுப்புக்குப் போனால் சாதாரணப் பரப்பில் பட்டுச் சிதறும் கதிரும் கெடுக்கும்; வீட்டுக் கூடத்தில் கண்ணாடியும் டிவியும் இருக்கும், குழந்தை கதவைத் திறந்து வரும். கதவு பூட்டவும் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவிக்கவும் முடியாத வீட்டில் லேசரை இயக்காதீர்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்மணிக்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர அமர்வு, விரிக்க 10 நிமிடம், கட்ட 10 நிமிடம், அடுத்த வீட்டுக்கு 30 நிமிடம் என்றால் ஒரு நாய்க்கு 110 நிமிடம். 8 மணி நேரத்தில் நான்கு நாய்தான் முடியும். கட்டணத்தை இந்த நான்கை வைத்து நிர்ணயிக்க வேண்டும். ஆறு பார்க்கலாம் என்ற ஆசையில் நிர்ணயித்தால், மாதக் கடைசியில் ஓய்வு நாளை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

வேனே சிகிச்சை அறை

பெரிய நாய் ஒருக்களித்துப் படுக்கவும் பக்கத்தில் ஒருவர் மண்டியிடவும் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் தரை வேண்டும். நிமிர்ந்து நிற்கும் உயரமும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் உங்கள் இடுப்பு போய்விடும். தரை எப்போதும் ஒரே மாதிரி, வெளிச்சம் ஒரே மாதிரி, கருவிகளை விரித்துக் கட்ட வேண்டாம் என்பவை வேனின் நல்ல குணங்கள். ஆனால் வீடு வீடாக ஓட்டினால் நேரம் மிச்சமாகாது. நிறுத்த இடம் தேடி, வண்டியைச் சமமாக நிறுத்தி, அமர்வுக்குப் பிறகு துடைத்து எடுத்தால் அதே நான்கு நாய்தான். ஒரே இடத்தில் நிறுத்தி நாய்களை அங்கே வரச் சொன்னால்தான் வேன் தன் விலைக்கு உழைக்கும்.

ஏறும் வழி பலர் கவனிக்காத விஷயம். வாசல் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்றால், 1.8 மீட்டர் சாய்பலகை ஏறக்குறைய 19 பாகை சாய்வில் நிற்கும். ஆரோக்கியமான நாய் ஏறிவிடும். இடுப்பு வலிக்கிற நாய் பாதியில் நிற்கும், இறங்கும்போது எடை முழுக்க முன்னங்காலில் விழும். 2.4 மீட்டர் பலகையில் சாய்வு 15 பாகைக்குள் வந்துவிடும். அதை வைக்க வண்டியில் இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

வெப்பம் அதைவிடப் பெரிய விஷயம். வெளியே 24 பாகை செல்சியஸ் இருக்கும் இதமான நாளில்கூட, மூடி நிறுத்திய வண்டிக்குள் 10 நிமிடத்தில் 34 பாகை ஆகும், அரை மணியில் 43ஐத் தொடும். வலியில் இருக்கும் நாயும் மூக்கு சப்பையான நாயும் அதற்கு முன்பே மூச்சிரைக்கும். ஏசி சராசரியாக 1 கிலோவாட் இழுத்தால் 6 மணி நேரத்துக்கு 6 யூனிட் மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட், ஆகக் குறைந்தது ஐந்து பேட்டரி. வெளி மின் இணைப்பு கிடைக்காத இடத்தில் கோடைச் சுற்றுப் பயணம் திட்டமிடுபவர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் நாயை நடக்கவைக்கும் தண்ணீர் டிரெட்மில்லை வேனில் வைக்கலாமா? அதன் பயன் உண்மையானது. தண்ணீர் இடுப்பு உயரம் வரை இருந்தால் கால்களில் விழும் எடை உடல் எடையில் 38 சதவீதம்தான். முழங்கால் மட்டத்தில் 85 சதவீதம். கணுக்கால் மட்டத்தில் 91. அதாவது பெரிய நாய்க்குப் பலன் வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் வேண்டும். 1.8 மீட்டர் நீளம், 65 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் என்றால் 585 லிட்டர், அதாவது 585 கிலோ. நடுத்தர வேனின் சுமை வரம்பு பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றியே இருக்கும். தொட்டி, மோட்டார், உள்ளலங்காரம், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 15 பாகைத் தண்ணீரை 30 பாகைக்குச் சூடாக்க 10 யூனிட்டுக்கு மேல் ஆகும், 3 கிலோவாட் ஹீட்டரில் மூன்றரை மணி நேரம். ஒரு நாய் உள்ளே மலம் கழித்துவிட்டால் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். அதை எங்கே வடிப்பது? தனியாக ஊர் சுற்றுபவருக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒரே மாநகரைச் சுற்றும், இரவில் சொந்தக் கொட்டகைக்குத் திரும்பும் வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

வாடகை அறைகளின் சுற்று

மூன்று அல்லது நான்கு ஊரில் ஏதோ ஒரு கால்நடை மருத்துவமனையிலோ நாய்ப் பயிற்சிக் கூடத்திலோ அறை எடுத்து, ஊருக்கு மூன்று நாள், நான்கு நாள் தங்கி, 3 வாரத்தில் சுற்றை முடிப்பது. பயணமும் வேண்டும், பொறுப்பாக வேலையும் செய்ய வேண்டும் என்பவருக்கு இதையே சொல்வோம். அமர்வுக்கு ஒரு மணி, துடைக்கவும் குறிப்பெழுதவும் 15 நிமிடம், ஆக நாளுக்கு ஆறு நாய். ஆழமாக அழுத்தும் மசாஜாக இருந்தால் ஆறுதான் கைக்கும் எல்லை. கட்டைவிரலின் அடிமூட்டு ஒருமுறை வீங்கிவிட்டால் தொழிலே நின்றுவிடும்.

மருத்துவமனை அறையின் மதிப்பு வாடகைக் கணக்கில் தெரியாது. எக்ஸ்ரே அங்கேயே இருக்கும், சந்தேகம் வந்தால் மருத்துவரை அழைத்து நாயின் மூட்டைத் தொட்டுக்காட்டலாம், நீங்கள் இல்லாத வாரங்களில் அங்குள்ள செவிலியர் ஒருவர் எளிய பயிற்சிகளைத் தொடரலாம். அறுவை சிகிச்சை ஆன நாயைச் சுற்றுப் பயணத்தில் இருப்பவர் ஏற்கக்கூடிய ஒரே சூழ்நிலை இதுதான். குறை, வாசனை. ஊசி போட்ட இடம் என்று நாய்க்கு நினைவிருக்கும், முதல் பத்து நிமிடம் உடம்பு விறைத்தே இருக்கும். பின்வாசல் வழியாக வர ஏற்பாடு செய்தால் பாதி சரியாகும்.

பயிற்சிக் கூடத்தில் நீளமான தரையும் நல்ல பிடிப்பும் கிடைக்கும், நாய்கள் உற்சாகமாக வரும். அந்த உற்சாகமே தொல்லை: வலியை மறைத்துவிடும். ஆகவே அங்கே முதலில் நடையைப் படமெடுத்து, பிறகு பந்தை வெளியே எடுங்கள். உரிமையாளர்கள் நாய்களை விட்டுச்செல்லும் தங்கல் விடுதியில் அறை எடுப்பது மலிவு. ஆனால் பல ஊர் நாய்கள் கலக்கும் இடம் அது. நாய்க்கு நாய் தொற்றும் கெனல் இருமலை அடுத்த ஊருக்குச் சுமந்துபோகும் ஆளாக நீங்கள் ஆகிவிடலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எந்தத் தேதிகள், அறை வேறு அவசரத்துக்கு எடுக்கப்பட்டால் மாற்று இடம், குறிப்புகள் யாருடையவை, நாயின் உரிமையாளர் யாருக்குப் பணம் கொடுப்பார். கடைசி இரண்டையும் வாய்ப்பேச்சாக விட்டவர்கள்தான் பிறகு சண்டையிட்டுப் பிரிகிறார்கள்.

எந்த வழியானாலும் அளவு மாறக் கூடாது

வெவ்வேறு ஊர், வெவ்வேறு தரை, மூன்று வார இடைவெளி. இதில் நாய் தேறுகிறதா என்பதை ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது. தொடைச் சுற்றளவை இழுவிசை காட்டும் ஸ்பிரிங் டேப்பால் அளக்க வேண்டும். சாதாரண டேப்பில் கை இறுக்கம் மாறினாலே வித்தியாசம் வந்துவிடும். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பிலிருந்து முழங்கால் வரையுள்ள நீளத்தில் 70 சதவீதம் கீழே வந்த இடத்தில் சுற்றி, மூன்றுமுறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். மூட்டுக் கோணத்துக்கு, நலமான லாப்ரடாரின் முழங்கால் மடங்கும்போது ஏறக்குறைய 42 பாகை, நீளும்போது 162 என்பது நல்ல ஒப்பீட்டு அளவு. மற்ற இனங்களில் அதே நாயின் மறுகாலோடு ஒப்பிடுவது மேல்.

எடைப் பகிர்வுக்கு ஒரே மாதிரி எடைக்கருவி நான்கு போதும். நிற்கும் நாய் முன்னங்கால்களில் 60 சதவீதம், பின்னங்கால்களில் 40 சதவீதம் தாங்கும். 30 கிலோ நாய் என்றால் ஒவ்வொரு பின்னங்காலிலும் 6 கிலோ. ஒன்றில் 4, மற்றதில் 8 என்று வந்தால் கண்ணுக்கு நொண்டல் தெரியாவிட்டாலும் அது காலை ஒதுக்குகிறது என்று பொருள். தலை நேராக இருக்க வேண்டும். தீனியைப் பார்த்து ஒரு பக்கம் திரும்பினால் கணக்கு கெடும்.

இடைப்பட்ட வாரங்களுக்கு வீடியோ. போனை நாயின் தோள் உயரத்தில் பிடித்து, பக்கவாட்டில் ஒன்று, எதிரே வரும்போது ஒன்று, விலகிப் போகும்போது ஒன்று, நடையிலும் துள்ளுநடையிலும், ஒவ்வொரு முறையும் அதே தரையில் எடுக்கச் சொல்லுங்கள். வலிக்கு, மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கான லிவர்பூல் 'லோட்' கேள்வித்தாளோ ஹெல்சிங்கி வலிக் குறியீடோ உரிமையாளரே நிரப்பி அனுப்பலாம். வீடியோவைக் கொண்டு திட்டத்தின் பளுவைக் குறைக்கலாம். கூட்ட வேண்டுமென்றால் கை வைத்துப் பார்த்த பிறகுதான்.

வீட்டுப் பயிற்சித் தாளில் நான்கு பயிற்சிக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்து எழுவது 5 முறை, 3 சுற்று என்று எண்ணிக்கை இருக்கட்டும். எப்போது நிறுத்துவது என்பது அதைவிட முக்கியம். விரல்கள் விரிவது, தொடை நடுங்குவது, முதுகு வளைவது, நகம் தரையில் உரசுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றைக்குப் போதும்.

தொற்றும் கைமாற்றலும்

நாய்க்குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் பல மாதம் தரையில் உயிரோடு இருக்கும், சாதாரணக் குவாட்டர்னரி அம்மோனியக் கிருமிநாசினிக்கு அது அடங்குவதில்லை. முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்து, பிறகு வீட்டு உபயோக பிளீச்சை 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர் என்ற விகிதத்தில் கலந்து, 10 நிமிடம் ஈரமாக விட்டு அலச வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது, நேற்றுக் கலந்ததும் செய்யாது. துளையுள்ள நுரைப் பலகைகளை எப்படியும் சுத்தமாக்க முடியாது, வினைல் உறை போட்டவையே வாங்குங்கள். தடுப்பூசி முடியாத குட்டிகளை நாளின் முதல் அமர்வில் வையுங்கள்.

ஒரு ஊரைச் சுற்றிலிருந்து நீக்கும்போது குறைந்தது இரண்டு வருகைக்கு முன்பே உரிமையாளர்களிடமும் பரிந்துரைத்த மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். கடைசி வருகையில் தொடைச் சுற்றளவு, மூட்டுக் கோணங்கள், நான்கு கால் எடை, நடை வீடியோ, இப்போது செய்யும் பயிற்சிகள், அடுத்து கூட்ட நினைத்திருந்தது என்ன என்பதை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதி வீட்டுக்காரர் கையிலும் மற்றொன்று மருத்துவரின் கோப்பிலும் இருக்கும்படி கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.